புதுப் படத்தைப் பார்க்காத கண்

அண்ணே,

விரல் நுனியில் இன்னும் அந்தப் பசை பிசுபிசுக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. விழுப்புரத்தில் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு இப்போதுதான் திண்டிவனம் கடைக்குத் திரும்பினேன். அதே அறை, அதே நாற்காலி. வியர்வையை அளக்க இரண்டு விரலில் பசை தடவி ஒட்டிய வில்லை, நாடி பார்க்க மணிக்கட்டில் பட்டை, எதிரே திரை, அதன் அடியில் நம் கண் எங்கே போகிறது என்று பிடிக்கும் கறுப்புக் கேமரா. போன வருஷம் அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்தீர்கள், நான் பின்னால் நின்றேன். இன்றைக்கு நான் உட்கார்ந்தேன், என் மகள் நின்றாள்.

நீங்கள் இல்லை என்று தெரியும். ஆனாலும் இதை வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது.

உங்களுக்கு இந்த மறதிச் சந்தேகம் ஆரம்பித்தது விழுப்புரம் மார்க்கெட் கமிட்டி ஏலத்தில். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வரத்து அதிகமாக இருந்த நாள். ஒரே குவியலுக்கு நீங்கள் இரண்டு விலைச்சீட்டு எழுதி ஏலப் பெட்டியில் போட்டிருந்தீர்கள். இரண்டாவதில் முதலாவதைவிடக் கூடுதல் விலை. பெட்டியைத் திறந்து படித்ததும் அங்கிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "அண்ணனுக்கு ஈடா இங்க ஆள் இல்ல, அதான் தன்கூடவே போட்டி போட்டுக்கினு இருக்காரு" என்றார் வளவனூர் வியாபாரி. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனையோ வருஷம் எதிரெதிரே நின்று ஏலம் எடுத்துச் சண்டை போட்டு, இவரை எதிர்ப்பதைவிடக் கூட்டுச் சேர்வது லாபம் என்று கணக்குப் போட்டுத்தான் உங்களோடு கடை வைத்தேன். உங்கள் கை தப்பி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

செய்தி சென்னையில் இருக்கும் உங்கள் மகன் காதுக்குப் போனது. டெஸ்ட் எடுத்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை அப்பா கமிட்டிப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டான். அண்ணி என்னைக் கூப்பிட்டு, நீ அழைத்தால்தான் வருவார் என்றார்கள். கமிட்டிக்குப் போகாவிட்டால் நீங்கள் என்ன ஆவீர்கள் என்று அண்ணிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குத்தான் அந்த டெஸ்ட்.

திரையில் முதலில் ஒரு புள்ளி ஓடியது. உங்கள் கண் அதைச் சரியாகவே துரத்தியது. பிறகு படங்கள் வந்தன. ஒரு படத்தைக் கொஞ்ச நேரம் காட்டுவார்கள். அப்புறம் அதே படத்தையும் ஒரு புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். மெஷினை இயக்கிய பெண், "சும்மா உங்க இஷ்டத்துக்குப் பாருங்கய்யா" என்றாள். பழசு ஞாபகத்தில் இருந்தால் கண் தானாகப் புதுசுக்குப் போகுமாம். ஞாபகம் இல்லாவிட்டால் புதுசைத் தேடாதாம், எங்கே விழுந்ததோ அங்கேயே நிற்குமாம். உங்கள் கண் புதுசுக்குப் போகவே இல்லை. பழைய படத்திலேயே உட்கார்ந்திருந்தது. வியர்வையிலும் நாடித் துடிப்பிலும்கூட அசைவு இல்லை என்றார் டாக்டர். ஞாபகம் தளர்ந்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்களே பேச்சை ஆரம்பித்தீர்கள்.

"புதுசு எதுன்னு எனக்குத் தெரிஞ்சிதும்மா. தெரிஞ்சதாலதான் பாக்கல. அந்தப் பொண்ணு என் கண்ணையே பாத்துக்கினு இருந்துச்சே."

அண்ணே, இது நம்மைத் தவிர யாருக்கு வரும்? கமிட்டிக்குள் நுழைந்துவிட்டால் வேண்டிய குவியலைப் பார்க்கவே மாட்டோம். வேண்டாத குவியலில் கையை விட்டு, காயை உடைத்து, பருப்பை மென்று, ஈரமா என்று தரகரைக் கேட்டு, அங்கேயே நிற்போம். வேண்டியதைப் போகிற போக்கில் ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். நாம் எதைப் பார்க்கிறோம் என்று பார்ப்பதற்கே பின்னால் நாலு பேர் வருவார்கள். நம் கண் நின்ற குவியலுக்குக் கொஞ்சம் கூட்டி எழுதினால் அவர்கள் ஜெயித்தார்கள். வாழ்நாளெல்லாம் கண்ணை இப்படி வளைத்துவிட்டு, ஒரு மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் நேராகப் பார் என்றால் பார்க்குமா?

அதை நம்பிச் சந்தோஷப்பட்டேன். மயிலம் கூட்டுரோடு தாண்டும்வரைதான். அங்கே நீங்கள் திரும்பி என்னைப் பார்த்து, "ஆமா, டெஸ்ட் யாருக்கு எடுத்தாங்க, உனக்கா எனக்கா?" என்று கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். நீங்கள் எதைத்தான் சிரிக்காமல் கேட்டிருக்கிறீர்கள்? அது கிண்டலா மறதியா என்று அன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை, இன்றைக்கும் பிடிபடவில்லை.

டாக்டருக்குப் போன் செய்து கண்ணை மறைக்கிற நம் பழக்கத்தைச் சொன்னேன். அவர் அலட்சியம் செய்யவில்லை. கண் எங்கே போனது என்றுதான் மெஷின் சொல்லும், ஏன் போனது என்று சொல்லாது, இருக்கலாம் என்றார். ஆனால் ஒரே குவியலுக்கு இரண்டு சீட்டு போட்டதற்கு அந்தப் பழக்கம் பதில் ஆகாதே என்றும் கேட்டார். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை எடுப்போம், அதுவரை கூடவே இருக்கிற நான்தான் கவனித்துச் சொல்ல வேண்டும் என்றார். நான் சரக்கைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் சொல்கிறவள். உங்களைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் தெளிவாக இருக்கிறீர்கள் என்று தோன்றும். மறுநாள் இல்லை என்று தோன்றும்.

கடைசியில் நீங்களேதான் முடிவு செய்தீர்கள். "சந்தேகப்பட்ட மூட்டைய நல்ல மூட்டையோட அடுக்கக் கூடாதும்மா. நான் தள்ளியே நின்னுக்கறேன்." அதன் பிறகு கடையோடு சரி. இரண்டாவது டெஸ்ட்டுக்கு நாள் வருவதற்குள் நெஞ்சுவலி வந்து போய்விட்டீர்கள். பதிலும் உங்களோடு போய்விட்டது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். லாரி டிரைவருக்குப் போன் போட்டு, சொன்னதையே மறுபடி சொன்னேனாம். அவன் என் மகளிடம் சொல்ல, அவள் பயந்துபோய் என்னை விழுப்புரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். நாற்காலியில் உட்காரும்போதே தீர்மானமாக இருந்தேன். புதுசை நேராகப் பார்த்துவிட வேண்டும், வியாபாரத்தை வெளியே விட்டுவிட வேண்டும். படம் வந்தது. முடிந்தது. டாக்டர் கோடுகளைக் காட்டினார். என் கண்ணும் பழசிலேயே நின்றிருந்தது.

"உங்க பார்ட்னருக்கு வந்த மாதிரியே இருக்கேம்மா" என்றார்.

அதைக் கேட்டு நான் அழ வேண்டுமா, சிரிக்க வேண்டுமா? எனக்கு ஒன்றும் இல்லை என்றால் உங்களுக்கும் ஒன்றும் இருந்திருக்காது. வீணாக உங்களைக் கடையோடு உட்கார வைத்துவிட்டோம். உங்களுக்கு இருந்தது நிஜமான மறதி என்றால், எனக்கும் அது வந்திருக்கலாம். புதுசு எதுன்னு தெரிஞ்சுதா என்று டாக்டர் கேட்டார். தெரிஞ்சது, தெரிஞ்சதாலதான் பாக்கல என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். அது என் வார்த்தையா, பஸ்ஸில் கேட்ட உங்கள் வார்த்தையா? அந்தப் படங்களில் ஒன்றையாவது இப்போது நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒரு குடை இருந்தது. அது முதலில் வந்ததா பிறகு வந்ததா என்று சொல்ல முடியவில்லை.

எனக்கும் ஆறு மாதம் தவணை கொடுத்திருக்கிறார். அதுவரை கடையில் இரு, போதும் என்கிறாள் மகள். நீங்கள் சந்தேகத்தோடு தள்ளி நின்றீர்கள். அது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நாளைக்குக் கமிட்டியில் ஏலம். போகிறேன் அண்ணே. சீட்டைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் மகளிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போடுகிறேன்.