ஓட்டைத் தகரமும் அம்மா பிடித்த குடையும்

துபாய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிரேமினியின் வணக்கம். நான் சுகம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? வட்டகொடையில் இன்னும் மழையா?

நாம் ஜெயித்துவிட்டோம்! நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு என் கிரெடிட் கார்டில் வாங்கிய கூரைத் தகரம் முதல் மழைக்கே ஒழுகியதல்லவா? போனில் கேட்டபோது, கொழும்புக் கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று சொல்லாமல் இருந்தேன்.

“வீடு உங்க பேர்ல இல்லையே மிஸ், நீங்க எப்படிக் கேக்கலாம்?” என்றார்.

“வீடு எங்க அப்பாவோடதுங்க. ஆனா தகரத்துக்குக் காசு கட்டுனது என்னோட கார்டு” என்றேன்.

அன்றே இங்குள்ள வங்கியில் முறைப்பாடு கொடுத்தேன். பழுதான பொருளைக் கடைக்காரர் நம் தலையில் கட்டினால், கார்டுக்காரருக்காக வங்கியே பணத்தைத் திரும்பக் கேட்குமாம். ஆதாரம் கேட்டார்கள். புதுக் கூரைக்குக் கீழே அம்மா குடை பிடித்துக்கொண்டு ரொட்டி சுடும் படத்தை அனுப்பினேன். நேற்று முழுப் பணமும் வந்துவிட்டது! ஓட்டைத் தகரத்தை அவர்களே வந்து ஏற்றிக்கொண்டு போகட்டும். இம்முறை ஹட்டனில் ஹலீம் நானா கடையில் அப்பாவே பார்த்து எடுங்கள்.

நிரஞ்சன் அண்ணன் துபாய்க்கு வரும்போது என் பழைய சிவப்பு ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். கூரை போட்டபின் மழை பெய்தால் எனக்குப் போனில் கோல் எடுங்கள். பேசக்கூட வேண்டாம், போனைத் தகரத்துப் பக்கம் பிடித்தால் போதும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
பிரேமினி