இடது பக்கத்துக் கோடு

எர்ணாவூர்,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

அரசி எழுதுகிறேன். நானும் உங்கள் அம்மாவும் நலம். அத்தைக்கு முட்டிவலி மட்டும் ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். மலை எஸ்டேட்டில் சிக்னல் இல்லை. வாரம் ஒருமுறை போடிக்கு இறங்கும்போது நான் அனுப்பியதையெல்லாம் பார்த்து, ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிடுகிறீர்கள். காகிதம் என்றால் உங்களோடு மலைக்கு வரும்.

பார்சலில் இருப்பது ஜீப்புக்கு ஒட்டுகிற ஃபிலிம். ஒட்டினால் கண்ணுக்கே தெரியாது. காட்டுப் பாதையில் செடி உரசினால் கோடு ஃபிலிமில் விழும், பெயிண்ட்டில் விழாது. வண்ணாரப்பேட்டையில் கார் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிற ரோஷன் வெட்டிக் கொடுத்தார். கதவுகளுக்கு, பானெட்டுக்கு, சக்கரத்துக்கு மேலே வளைகிற இடத்துக்கு என்று தனித்தனியாகச் சுருட்டிப் பெயர் எழுதியிருக்கிறது. "சோப்புத் தண்ணிய தாராளமா அடிக்கச் சொல்லுக்கா. தண்ணி இருக்கறவரைக்கும்தான் ஃபிலிம் நகரும். அவசரப்பட்டு அமுக்கிட்டா பேஜாரு" என்று இரண்டு தடவை சொன்னார். மலைக் குளிரில் பசை பிடிக்காதாம். வெயில் வந்து தகரம் கொஞ்சம் சூடானபிறகு, நிழலில் நிறுத்தி ஒட்ட வேண்டும்.

நான் சொல்ல வேண்டியது ஒன்று. காய்ந்த மண்ணைத் துணியால் துடைக்காதீர்கள். செடி போடுகிற கோட்டைவிடத் துணி போடுகிற கோடுதான் அதிகம். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை ஊறவிட்டுப் பிறகு கை வையுங்கள். பின்சக்கரத்து மண் தடுப்பு ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள், கல் தெறித்தே பாதிப் பெயிண்ட் போய்விடும். புதர் நெருக்கமாக இருக்கிற இடத்தில் கண்ணாடியை மடக்கிவிட்டு மெதுவாகப் போங்கள்.

யார்டில் வேலை அப்படியேதான். காலையில் வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, கப்பலேறப் போகிற புது வண்டிகளைச் சுற்றிச்சுற்றி வருகிறேன். எங்கேயாவது ஒரு கோடு இருந்தால் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் எந்த ஊருக்குப் போகிறது என்று சீட்டு ஒட்டியிருக்கும். நம் ஜீப்புக்கு மாத்தூர் ஷெட்டில் பச்சை அடித்தபோது, ஈரம் காயும் முன்னால் நான் விரல் வைத்துவிட்டேன் என்று திட்டினீர்களே. இந்தப் புது வண்டிகளில் எதுவும் அவ்வளவு அழகாக இல்லை.

துறைமுக ரோட்டில் டிரெய்லர் வரிசை இன்னும் அதே மாதிரிதான் நிற்கிறது. டிரெய்லர் ஓட்டி, அந்த வரிசையில் கிடந்து கிடந்து அலுத்துப்போய், எஸ்டேட்டில் ஓட்ட ஜீப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் மலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் வேலை முடிந்து வரும்போது ஒவ்வொரு கேபினையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் நடக்கிறேன்.

வியாழக்கிழமை.

நேற்று இதை முடித்து உறையில் போட்டிருக்கலாம். முடிக்க மனம் வரவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய இரண்டு போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "முள்ளு கிழிச்சிடுச்சி, அதுக்கு மேல ஒட்றது எதுனா இருக்குதான்னு கேளு" என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் அன்றைக்கே ரோஷனிடம் ஓடினேன்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் சுகிர்தம் அக்காவிடம் போட்டோவைக் காட்டினேன். யார்டில் எனக்கு வேலை பழக்கியவர். யாருடைய வண்டி என்று சொல்லவில்லை. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது முள்ளு இல்லடி. பாறையில தேய்ச்சிகினே போயிருக்கு" என்றார். இன்னொரு போட்டோவையும் பார்த்தார். "யாரோ பொழைச்சி வந்துருக்கான்" என்று போனைக் கொடுத்துவிட்டார்.

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது, மாமா. முள் போடுகிற கோடு மெல்லிசாக, பலவாக, இரண்டு பக்கமும் இருக்கும். தகரத்தை உள்ளே தள்ளாது. உங்கள் இடது பக்கத்தில் முன்னாலிருந்து பின்கதவுவரை ஒரே கோடு. பச்சை போய், பழைய வெள்ளை போய், தகரம் தெரிகிறது. வலது பக்கம் கால் வைத்து ஏறுகிற படிக்கு அடியில் புல் வேரோடு சிக்கியிருக்கிறது. எஸ்டேட்டுக்கு ஏறுகிற பாதையில் இடது பக்கம் பாறை, வலது பக்கம் பள்ளம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வலது சக்கரம் ஓரத்தை விட்டு இறங்கியிருக்கிறது. நீங்கள் பாறையோடு பாறையாக வண்டியைச் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

கோபமில்லை. சாயங்காலம்வரை வேலை செய்தேன். ஒரே வெள்ளை வண்டியை இரண்டு தடவை சுற்றியிருக்கிறேன், சூப்பர்வைசர் சொன்னபிறகுதான் தெரிந்தது. அப்போதே அவரிடம் லீவு கேட்டுவிட்டேன்.

போன புதிதில், ஒரு வருஷம் போகட்டும் நீயும் வந்துவிடு என்பீர்கள். அத்தையைத் தனியாக விட்டுவிட்டு எப்படி என்பேன். பிறகு வா என்று சொல்வதை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்பதை நானும் நிறுத்திவிட்டேன். யார் முதலில் நிறுத்தினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

பாறை விஷயத்தை அத்தையிடம் சொல்லவில்லை. ஐந்து நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வண்டி போட்டோவா அனுப்பிகினு கீறானே, மூஞ்சியக் காட்டி ஒண்ணு அனுப்பினானா?" என்று கேட்டார். பிறகு, "கூட்டிகினு வா. வரலன்னா நீ அங்கயே இரு. நா புளியந்தோப்புல மாயா வூட்ல இருந்துக்கறேன். பொண்ணு வூடுதானே" என்றார். இதை உங்கள் தங்கையிடம் எப்போது பேசி வைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கீரையில் பாதியை வாங்கி நானும் ஆய்ந்தேன்.

ஃபிலிமைப் பிரிக்காமல் வையுங்கள். அந்தக் கோட்டின் மேல் ஒட்ட முடியாது. முதலில் தகரத்தை நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதை இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் போடியில் இறங்குகிறேன். சக்கரம் ஓரத்தை விட்டு இறங்கிய இடத்தில் வண்டியை நிறுத்திக் காட்டுங்கள். நான் இறங்கிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு இருப்பதா, உங்களோடு திரும்புவதா என்று பேசுவோம். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பேன். மழை வந்தால் அது விட்டபிறகு கிளம்புங்கள். மத்தியானம் ஆனாலும் இருப்பேன், சாயங்காலம் ஆனாலும் இருப்பேன். மெதுவாக இறங்கி வாருங்கள்.

உங்கள்
அன்புக்கரசி