நீக்கப்பட்ட உறுப்பினர்

ஜூன் 4

அன்புள்ள பொடியனுக்கு,

நான் நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, நீ எழுதினால்தானே தெரியும்? காது முழுக்கப் போன பிறகு போன் எனக்கு மணி பார்க்கத்தான் உதவுகிறது. சிரமம் பார்க்காமல் கடிதம் போடு.

ஒரு சந்தேகம். உன் சந்தை ஆய்வுக் கம்பெனியில் இப்போது என்னதான் நடக்கிறது? முன்பெல்லாம் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய், "எந்த சோப்பு போடுறீங்க, ஏன் மாத்தினீங்க" என்று கேட்டு எழுதி வருவாய். இப்போது எல்லாம் இணையத்தில் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படிப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். பொழுது நன்றாகப் போகிறது என்பாள். போன வாரம் திடீரென்று, "உங்கள் உறுப்பினர் கணக்கு நீக்கப்பட்டது" என்று ஒரே வரி. காரணமும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. என்ன தப்பு செய்தோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறாள். ஏன் அப்படிச் செய்கிறார்கள்?

அன்புடன்
அக்கா


ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாமல் இருந்தது என் சோம்பேறித்தனம்தான். திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது கதவைத் தட்டினால் யார் திறக்கிறார்கள்? கேமராவில் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். தெரியாத எண் என்றால் போனையும் எடுப்பதில்லை. அதனால்தான் இணையத்துக்குப் போனோம். அங்கே வேறு தலைவலி. பரிசுக் கூப்பனுக்காக ஒரே ஆள் பல பெயரில் வந்தான். இப்போது ஆளே வேண்டாம், கம்ப்யூட்டரே மனிதன் மாதிரி பதில் எழுதிவிடுகிறது. அசல் மனிதர்கள் "நல்லா இருக்கு", "பரவால்ல" என்று முடித்துக்கொள்வார்கள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி பிசகாமல் பத்தி பத்தியாக எழுதுவது இயந்திரம்தான். அதை வைத்து நானே ஒரு வடிகட்டி போட்டுக் கொடுத்தேன். மானேஜருக்குப் பரம திருப்தி. அவர் இன்னும் ஒரு படி மேலே போய், கம்ப்யூட்டரில் உருவாக்கிய ஆட்களிடமே கேட்டு முடித்துவிடலாமா என்று யோசிக்கிறார்.

ஒன்று காட்டுகிறேன், அசந்துபோவாய். சலவைத் தூள் பற்றிய ஆய்வில், கடைசியாக எதைத் துவைத்தீர்கள், ஏன் என்று கேட்டிருந்தோம். வந்த பதில் இது: "என் கணவரின் சட்டைகள் இரண்டு. அவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அலமாரியிலேயே இருந்தால் துணிக்கு ஒரு வாடை வந்துவிடுகிறது. அதனால் மாதம் ஒருமுறை என் துணிகளோடு சேர்த்துத் துவைத்து, வெளியே கொடியில் போடுகிறேன். அன்று மட்டும், பார்க்கிறவர்களுக்கு இந்த வீட்டில் இரண்டு பேர்."

எந்த மனுஷி சோப்புக் கம்பெனிக்கு இப்படி எழுதுவாள்? இயந்திரம் இதையெல்லாம் எங்கே பிடிக்கிறதோ, எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முதலில் நீக்கியது இதைத்தான்.

உன் சிநேகிதியும் நீளமாக எழுதுபவளோ? சுருக்கமாக எழுதி, நாலு எழுத்துப்பிழையும் விடச் சொல்.

உன் தம்பி


ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

சிநேகிதி என்று யாரும் இல்லை. நான்தான். சட்டைகள் உன் அத்தானுடையவை. அதில் ஒன்று நீ எடுத்துக் கொடுத்தது.

பதில்கள் ரகசியமாக வைக்கப்படும் என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். நல்லவேளை, என்னிடமே கொண்டுவந்து காட்டினாய்.

அச்சகத்தில் காலமெல்லாம் மெய்ப்புத் திருத்தியவள் நான். ஓர் ஒற்று விட்டுப்போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இனி மனுஷி என்று காட்டிக்கொள்ளப் பிழை விடப் பழக வேண்டுமா? யோசித்தால் சிரிப்பு வருகிறது. கோபமும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எந்த மனுஷி இப்படி எழுதுவாள் என்று கேட்டாய். கேட்டார்கள், எழுதினேன். "ஏன்" என்றுகூடக் கேட்டு, கீழே பெரிய வெள்ளைக் கட்டம் விட்டிருந்தார்கள். அவர் போன பிறகு எல்லோரும் என்னிடம் கேட்டது சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்றுதான். நீயும் அப்படித்தான். அதற்கெல்லாம் தலையை ஆட்டினால் போதும்.

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்கா,

பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இத்தனை நாள் போய்விட்டது. மன்னிப்பு என்று எழுதினேன், அடித்தேன். அது போதாது.

என் வடிகட்டி தள்ளிய எல்லோருக்கும், "நீங்கள் நிஜமான ஆள்தானா, ஒரு வரி எழுதுங்கள்" என்று தனித்தனியாக எழுதினேன். பாதிக்கு மேல் சத்தமே இல்லை. சில நிஜமாகவே இயந்திரம், என் கேள்வியையே திருப்பிப் புகழ்ந்து எழுதியிருந்தன. ஆனால் ஒரு தலைமையாசிரியர் என்னை வகுப்பில் நிற்கவைத்த மாதிரித் திட்டியிருந்தார். இடுப்பு உடைந்து படுக்கையில் கிடக்கும் ஒரு லாரி டிரைவர், "நேரம் நிறைய இருக்கு தம்பி, அதான் நீளமா எழுதறேன்" என்று எழுதியிருந்தார். பட்டியலைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மானேஜர் கூப்பிட்டார். "இப்படி ஒவ்வொருத்தருக்கா எழுதிக்கிட்டிருந்தா ரிப்போர்ட் எப்பப்பா போறது?"

"போன ரிப்போர்ட்ல எங்க அக்கா இல்ல சார். நான்தான் தூக்கிட்டேன்."

கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "அக்கா என்ன தூள் போடுறாங்க?" என்றார்.

இந்த மாதம் மட்டும் நீக்குவதற்கு முன்பு கேட்டுப் பார்க்க விட்டிருக்கிறார். அடுத்த மாதம் எப்படியோ, சொல்ல முடியாது. உன் கணக்கைத் திறந்துவிட்டேன்.

அக்கா, அத்தான் போனதிலிருந்து உன் நாள் எப்படிப் போகிறது? சத்தமே இல்லாத வீட்டில் காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்கிறாய்? எது கஷ்டமாக இருக்கிறது? இதை நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். எழுது.

உன் தம்பி


ஜூலை 6

அன்புள்ள பொடியனுக்கு,

கணக்கு திறந்தது. பிஸ்கட் பற்றிக் கேட்டார்கள். மூன்று பத்தி எழுதி, பிழை பார்த்துத்தான் அனுப்பினேன். நீக்கினால் நீக்கிக்கொள்ளட்டும். எது மலிவாகக் கிடைக்கிறதோ அந்தத் தூள்தான் என்று உன் மானேஜரிடம் சொல்லிவிடு.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். முகம் தெரியாத கம்பெனிக்கு மடமடவென்று வந்தது. உனக்கென்றால், இதைப் படித்தால் தூங்க மாட்டானே என்று ஒவ்வொரு வரியும் முரண்டு பிடிக்கிறது. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நேரில் வா. சனிக்கிழமை வந்து ஒரு நாள் தங்கிப் போ. நீ எதிரே உட்கார்ந்து கேள், நான் வாயால் சொல்கிறேன். என் குரல் எனக்கே தெரியாது. கத்தினால் கையைக் காட்டு, குறைத்துக்கொள்கிறேன்.

வருவதற்கு முன்னால் மீசையை நறுக்கிக்கொள். மேலுதடு முழுக்க மூடிக் கிடக்கிறது. போன தடவை நீ சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை, சும்மா சிரித்து வைத்தேன். நீ கேட்பதை நான் உன் உதட்டில்தான் படித்தாக வேண்டும்.

அக்கா