இடப்பக்கம் இழுக்கும் வால்

அண்ணா,

நாளை கிடங்கு விழாவில் பறக்கவிடப்போகும் ரிமோட் கிளைடர் விமானத்தின் வாலை நீ கோணலாக ஒட்டிவிட்டு, நேராக இருக்கிறது என்று முதலாளியிடம் பொய் சொன்னாய். போனை எடுக்க மறுக்கிறாய். அதனால் இதை எழுதி உன் கருவிப் பெட்டியில் வைக்கிறேன்.

நேற்று நூல் பிடித்து அளந்தேன். வாலிலிருந்து இடது இறக்கை நுனிக்குள்ள தூரம், வலதைவிட ஆறு மில்லிமீட்டர் குறைகிறது. நாம் மேசையாகப் போட்டிருக்கும் பழைய கதவு மழையில் முறுக்கிக்கொண்டது. அதன் விளிம்பை நம்பி உடலோடு வாலை ஒட்டியிருக்கிறாய்.

முதலாளியிடம் சொன்னேன், சிரித்தார். "பெயின்ட் பளபளன்னு இருக்கும்மா. வேடிக்கை பாக்க வர்றவன் ஸ்கேலா கொண்டாரப் போறான்?"

நீயும் சேர்ந்துகொண்டாய். "ரிமோட்ல கோணலச் சரிக்கட்டற டிரிம் பட்டனத் திருப்பி வச்சா நேராப் போயிடும். வாய மூடு, கழுதை."

மெதுவாகப் பறந்தால் நேராகப் போகும். நாளை விருந்தினர் கைதட்ட வேண்டுமென்று வேகமாக இறக்குவாய், அப்போது இடப்பக்கம் இழுக்கும். விருந்தினருக்கு வலப்பக்கம் நிழலும் நாற்காலியும். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களின் குடும்பங்களுக்குத்தான் இடப்பக்கத்துச் சரிவு.

"அண்ணன் விடறது எங்கேருந்துடி நல்லாத் தெரியும்?" என்று காலையில் அம்மா கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், சரிவில் இடம் பிடித்தாகிவிட்டது என்றாள்.

வாலை அறுத்து எடு. அறுத்துவிட்டேன் என்று இந்தத் தாளின் பின்பக்கத்தில் இன்றைக்கே எழுதி வை.

உன் தங்கை