பெரியவருக்குச் சூடு ஆகாது

ஜூன் 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கே நலம் என்று முழு மனதோடு எழுத முடியவில்லை. உங்கள் மகள் பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகில் குலுங்கவே கூடாதாம். வலி எடுத்த பிறகு அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரே ஒரு பயணம்தான். ஆகவே அவள் உங்கள் வீட்டுக்கு வரும் பேச்சு இல்லை, நீங்கள்தான் இந்தத் தீவுக்கு வர வேண்டும். உங்களைக் கேட்க அவளுக்குத் தயக்கம். "அம்மா பக்கத்துல இருந்தா தேவல மாமா" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று நடுத்தண்ணீரில் மோட்டார் நின்றதும், "செத்தாலும் இந்தத் தகர டப்பால இனி ஏற மாட்டேன்" என்று நீங்கள் நாலு பேர் முன்னால் சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. போகட்டும். எங்கள் பெரியவர் (என் அப்பா காலத்து மோட்டார், வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) இப்போதெல்லாம் ஒரே இழுப்பில் கிளம்பிவிடுகிறார். உங்களை அழைக்க எந்த நாள் வரட்டும் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
சம்பந்தி


ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

கிளம்புகிறதா என்று நான் கேட்கவில்லை. போய்ச் சேருமா என்று கேட்கிறேன்.

என் மகள் எல்லாம் எழுதியிருக்கிறாள். பாதித் தூரத்தில் நின்றுவிடுகிறதாம். நீங்கள் ஒரு பீடி பற்ற வைப்பீர்களாம், அது முடிந்ததும் மறுபடி கிளம்புமாம். நான் வராதது இருக்கட்டும். வலியில் துடிக்கிறவளை மடியில் போட்டுக்கொண்டு, மோட்டார் ஆறட்டும் என்று உட்கார்ந்திருப்பீர்களா?

ஃபேனுக்கும் மோட்டாருக்கும் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடைக்காரி சொல்கிறேன், கேளுங்கள். அடுத்த முறை நின்ற உடனே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இன்ஜின் உடம்பில் வைத்துக் கயிற்றை இழுங்கள். பொறி வருகிறதா பாருங்கள். ஆறிய பிறகும் அதையே செய்யுங்கள்.

சம்பந்தியம்மா


ஜூன் 15

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

விரலைச் சுட்டுக்கொண்டேன், ஆனால் பார்த்துவிட்டேன். சூட்டில் ஒரு பொட்டுப் பொறி இல்லை. ஆறியதும் நீல நிறத்தில் பளிச்சென்று வருகிறது! இத்தனை வருஷமாகப் பெட்ரோலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பக்கமே வராத நீங்கள் அங்கே உட்கார்ந்தபடி எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? உங்கள் மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. "அம்மா கடைக்குள்ள போனா ரிப்பேர் ஃபேன்கூட நிமிர்ந்து உக்காரும் மாமா" என்கிறாள்.

மேலே சுற்றும் சக்கரத்தை ஒருவழியாகக் கழற்றி, அடியில் இருந்த, பொறி உண்டாக்கும் காயிலை இத்துடன் அனுப்புகிறேன். புதிது எங்கேயும் கிடைக்காது. பெரியவரின் உயிர் உங்கள் கையில். அதுவரை துடுப்புதான், தோள்பட்டை கழன்றுவிடும் போல் இருக்கிறது.

சம்பந்தி


ஜூன் 27

சம்பந்தி அவர்களுக்கு,

ஐயா, ஒரு கேள்வி. காயிலுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா?

சுரண்டச் சுரண்டப் பச்சை, நீலம், மறுபடியும் பச்சை. படகுக்கு அடித்து மிஞ்சியதையெல்லாம் பாசத்தோடு இதன் தலையில் பூசியிருக்கிறீர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியே இல்லை. சூடேறினால் வர வேண்டிய பொறி உள்ளேயே கசிந்துவிடுகிறது. பெரியவருக்குச் சூடு ஆகாது என்று இல்லை, உங்கள் செல்லம்தான் அவருக்கு ஆகவில்லை.

ஆனால் பெயிண்டை உரித்த பிறகு உள்ளே பார்த்தேன். தலைமுடியைவிட மெல்லிய கம்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், வரிசைக்கு வரிசை காகிதம் வைத்து யாரோ கட்டியிருக்கிறார்கள். ஆணோ பெண்ணோ, அந்தக் கையைக் கும்பிட்டேன். பிரிக்கவே மனம் வரவில்லை. அதைப் போலவே கட்டப் பார்த்தேன், கம்பி அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஃபேனை நிறுத்திவிட்டு, வாடிக்கையாளர்களை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுக் கட்டி முடித்தேன். இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் சூட்டிலேயே காயிலைப் போட்டுச் சோதித்தேன். பொறி விடாமல் வந்தது.

சக்கரத்துக்கு அடியில் திறந்து மூடிப் பொறியைத் தட்டிவிடும் பாயிண்ட் இருக்குமே, அதன் இடைவெளியை அளக்க ஒரு தகடும் வைத்திருக்கிறேன், அது உரசிக்கொண்டு போகிற அளவுக்குத்தான் இடைவெளி இருக்க வேண்டும். பெயிண்ட் டப்பாவைக் கிணற்றில் போடுங்கள்.

சம்பந்தியம்மா


ஜூலை 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மாட்டிவிட்டேன். மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போய், கரையில் கால் வைக்காமல் அப்படியே திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். நிற்கவில்லை அம்மா! என் அப்பா ஓட்டிய காலத்தில்கூட இந்தச் சத்தம் இவ்வளவு சீராக இருந்ததில்லை. படகுத்துறையில் இருந்தவர்களிடம் "எங்க சம்பந்தியம்மா கட்டினது" என்று கேட்டவருக்கும் சொன்னேன், கேட்காதவருக்கும் சொன்னேன். உங்கள் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம்.

இனி உங்களைப் படகில் ஏறச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். தண்ணீர் என்றால் உங்களுக்கு எவ்வளவு பயம் என்று மருமகள் இப்போதுதான் சொன்னாள். செய்ய வேண்டியதை அங்கிருந்தே செய்துவிட்டீர்கள். நேரம் வரும்போது அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு.

அன்புடன்,
சம்பந்தி


ஜூலை 7

அன்புள்ள அண்ணனுக்கு,

கடையைப் பூட்டிச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை இக்கரைப் படகுத்துறையில் இருப்பேன். அவளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், சந்தோஷத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

என்னை நேரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். நட்ட நடுவுக்குப் போய், மோட்டார் தொட முடியாதபடி கொதிக்கும் வரை சுற்றிக்கொண்டே இருங்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். கத்தினாலும் கத்துவேன், காதில் போட்டுக்கொள்ளாமல் ஓட்டுங்கள். நீங்கள் மணல் மூட்டையை வைத்துப் பார்த்தது நல்லதுதான், இருந்தாலும் பெற்ற மனசுக்கு அது போதவில்லை.

என் கை கட்டியதுதான், நம்பிக்கை இருக்கிறது. அப்படியும் ஒருவேளை நிற்பதாக இருந்தால், என்னை வைத்துக்கொண்டு நிற்கட்டும். அவளை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

உங்கள் தங்கை