என் பங்கு, இருபத்தாறு தரம்

பெப். 3, செவ்வாய்

விடியத் தொடங்கிய தூறல். துணி காயவில்லை. வாங்க: கஞ்சி மா, நப்கின், சவர்க்காரம்.

அவருக்குப் பாரிசவாதம் வந்து ஏழாவது வாரம். வலது கை செத்தது. வாய் திறக்கிறது, சொல் இல்லை. "ஆ" மட்டும்.

பாண்டிருப்பிலிருந்து மச்சாள், அவருடைய தங்கை. இருக்கக்கூட இல்லை, தொடங்கிவிட்டாள். "துதிச்சாத்தான் மச்சாள் கட்டு அவிழும். முறுமுறுக்காம ஸ்தோத்திரம் சொல்லுங்க." ஒரு தரம் நப்கின் மாற்றிவிட்டுச் சொல்லட்டும். தேத்தண்ணி கொடுத்தேன், சீனி போடாமல்.

பெப். 4, புதன்

சுதந்திர தினம், லீவு நாள். தெருவெல்லாம் கொடி.

முப்பத்தொரு வருசமாகக் காலை ஜெபம் ஒரே மாதிரி. சங்கீதம் 136. கூடத்திலிருந்து அவர் முன்வரி சொல்வார். குசினியில் தேங்காய் துருவியபடி நான் பதில்: அவர் கிருபைக்கு முடிவில்லை. இருபத்தாறு வரி, இருபத்தாறு தரமும் அதே பதில். வானத்தை உண்டாக்கியதற்கும் அதுதான், ராசாக்களை வெட்டிப்போட்டதற்கும் அதுதான். யோசியாமல் சொல்லியிருக்கிறேன், கிளிப்பிள்ளை மாதிரி.

இப்போது இரண்டு பங்கும் நானே. இன்று கடைசிக்கு முதல் வரி, எல்லா உயிருக்கும் சாப்பாடு தருகிறவர். அந்த நேரம் பார்த்து அவருக்குக் கஞ்சி புரையேறியது. கண் பிதுங்கி, முகம் கறுத்து. முதுகில் அடித்து அடித்துத்தான் மூச்சு வந்தது.

அந்த வரிக்குப் பதில் சொல்லவில்லை. இனி எந்த வரிக்கும் சொல்லமாட்டேன். முன்வரி வாசிப்பேன். பதில் வேண்டுமென்றால் ஆண்டவர் தாமே சொல்லிக்கொள்ளட்டும்.

பெப். 5, வியாழன்

வெயில். கிளினிக். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை படம் காட்டினாள். கோப்பை, பூனை, கதவு. ஒன்றும் வரவில்லை. பிறகு என்னைக் காட்டி, "இவ ஆரு ஐயா?"

பார்த்தார். "ஆ." அழுதார்.

ஓட்டோவில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம், அவர் மேலும்தான். ஒரு நாளைக்கு நூறு தரம் என் பேர், ரஞ்சி. கண்ணாடி எங்க ரஞ்சி, குடை எங்க ரஞ்சி. அது எங்கே போனது?

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பௌசியா மீன் ஆணம் கொண்டுவந்தாள். ஜெபத்தில் ஆண்டவரோடு சண்டை என்றேன்.

"சண்ட புடிங்க டீச்சர். நானும் தொழுதுட்டு முசல்லாப் பாயில இரிந்து அழுது சண்ட புடிச்சிரிக்கன். பேச்ச மட்டும் நிப்பாட்டிராதிங்க."

வந்தவர்களில் இவள் ஒருத்திதான் எனக்குப் புத்தி சொல்லாதவள் என்று நினைத்திருந்தேன். இவளும் சொல்லிவிட்டாள். ஆனாலும் ஆணம் நல்ல ருசி.

பெப். 6, வெள்ளி

மப்பு வானம். குசினியில் தேங்காய். முன்வரி மட்டும், ஏசுகிற மாதிரி: வானத்தை உண்டாக்கினவர்! நிறுத்தினேன்.

கூடத்திலிருந்து, "கிருபை."

துருவலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அடுத்த வரி சொன்னேன். "கிருபை." நாக்குத் தடித்திருந்தது, ஆனால் சொல் தெளிவு. இது அவருடைய வரி அல்ல. குசினியிலிருந்து நான் கத்திய பங்கு. அத்தனை வருசமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ரஞ்சி எண்டு சொல்லுங்க."

"ஆ."

"ரஞ்சி."

"ஆ."

என் பேரை எடுத்துக்கொண்டு இதை மட்டும் விட்டுவைத்தீரா ஆண்டவரே? அடுப்பில் கறி தீய்ந்தது. தீயட்டும். முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன், கத்தி, அழுது, மூக்கைச் சேலையில் துடைத்து. இருபத்தாறுக்கும் பதில் சொன்னார். அந்தச் சாப்பாட்டு வரிக்கும்.

நான் சொல்லவில்லை.