யானை நெற்றியில் இருபத்துநான்கு

இன்று காலை கணினி அறைக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். பீரோவை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து உங்கள் கிராஃப் தாள் சுருள் ஒன்று விழுந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. பிரித்தால் யானை. வயிற்றுக்கு அடியில் பென்சிலால் லேசாக, பாதி பாதியாக நிழலிட்ட கட்டங்கள். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பழைய கோபம்தான். பாதிக் கட்டம் கிடையாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்?

நீங்கள் ஓவியம், நான் கணக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பள்ளியில் சேர்ந்ததிலிருந்து ஆசிரியர் அறையில் நம் இருவருக்கும் எதிரெதிர் நாற்காலி. நான் மேலப்புதூர் மாதாகோயில் பக்கத்துக்காரி, நீங்கள் ஸ்ரீரங்கம் உத்தர வீதி. உங்கள் ஊறுகாய் எண்ணெய் சொட்டாத விடைத்தாள் கட்டு ஒன்றைக்கூட நான் திருத்தியதில்லை.

எண்பதுகளின் நடுவில் பள்ளிக்கு இரண்டு கணினிகள் வந்தன. பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். கூடவே ஒரு பேச்சும் கிளம்பியது. கணினி வகுப்புக்கு நேரம் வேண்டும், ஓவியப் பீரியடை எடுத்துவிடலாம் என்று. அன்று சாப்பாட்டு வேளையில் என்னிடம் கேட்டீர்கள்.

"உங்க டப்பாவுல படம் வருமோ டீச்சர்?"

"வரும்."

"யார் வரைவா?"

"யாரும் வரைய வேண்டாம். நம்பர் குடுத்தா போதும்."

"அந்த நம்பர் எப்படி இருக்கணும்னு யார் சொல்லுவா?"

எனக்கு எரிச்சல் வந்தது. உங்கள் திட்டம் அங்கேதான் ஆரம்பித்தது. பொங்கல் விடுமுறை முடிந்ததும் நிர்வாகக் குழு கணினியைப் பார்க்க வரும். அதற்குள் நாம் ஒரு விளையாட்டு செய்துவிட வேண்டும். வரையத் தெரிந்தவர் இல்லாமல் இந்தப் பெட்டியால் பாதிதான் பயன் என்பதை அவர்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். உங்கள் வேலை அதை நம்பித்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மறுக்கவும் தோன்றவில்லை.

விளையாட்டும் நீங்கள் சொன்னதுதான். கோயில் யானை காவிரியிலிருந்து திருமஞ்சனக் குடத்தோடு அம்மா மண்டபம் சாலையில் வர வேண்டும். எதிரே சைக்கிள் ரிக்‌ஷாவும் டவுன் பஸ்ஸும் வரும். இடிக்காமல் கோபுரத்தை அடைந்தால் வெற்றி.

திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள் என்று விளக்கினேன். எட்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் கட்டம் சேர்ந்தால் ஒரு சதுரம். வரிசையில் இடமிருந்து வலமாக 128, 64, 32 என்று பாதி பாதியாகக் குறைந்து ஒன்றில் முடியும். எரிகிற கட்டங்களின் மதிப்பைக் கூட்டினால் அந்த வரிசைக்கு ஓர் எண் கிடைக்கும். யானைக்கு ஒன்பது சதுரம், ஆக எழுபத்திரண்டு எண்கள். தலையாட்டினீர்கள். மறுநாள் தும்பிக்கைச் சுருக்கம், கண்ணிமை, காதின் கிழிசல், கால் நகத்தில் பட்ட வெயில் என்று எல்லாவற்றோடும் ஒரு யானையைக் கொண்டுவந்தீர்கள்.

"டீச்சர், ஒரு கட்டம் எரியும், இல்லேன்னா எரியாது. பாதி எரியாது."

"வெளிச்சம் பாதி விழாதா? சாயங்காலம் ஆத்தங்கரைல நின்னு பாருங்கோ."

"ஆத்தங்கரைல விழும். இதுல விழாது."

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒரு தாளை மேசையில் வைத்தீர்கள். வயிற்றுப் பகுதியில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம், அடுத்த வரிசையில் இடம் மாற்றி, கருப்புப் புள்ளிகள். "பத்தடி தள்ளிப் போய்ப் பாருங்கோ" என்றீர்கள். போய்ப் பார்த்தேன். கருப்புமில்லை, வெள்ளையுமில்லை, சாம்பல். பயிற்சியில் எனக்கு யாரும் சொல்லித்தராதது அது. "சரி, போடலாம்" என்று மட்டும் சொன்னேன். அப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த சண்டை யானையின் முகத்துக்கு. உடம்பு பக்கவாட்டில் நடக்கிறது, முகம் மட்டும் நம்மைப் பார்க்கிறது. எந்த யானை அப்படி நடக்கும் என்று கேட்டேன். "கோயில் சுவத்துல எல்லாம் நடக்கறதே" என்றீர்கள். "யானைகிட்ட போறவா எல்லாரும் முகத்தைத்தானே பாக்கறா? நாமம் தெரிய வேண்டாமா?" கால்களுக்கு இரண்டு படம் போதும், மாற்றி மாற்றிக் காட்டினால் நடப்பதுபோல் இருக்கும் என்றேன். மூன்று வேண்டும் என்றீர்கள். அடியெடுத்து வைக்கும்போது யானையின் உடம்பு ஒரு கட்டம் இறங்குமாம். எனக்குக் கால்களின் மூன்று சதுரத்துக்கு இன்னும் இருபத்துநான்கு எண்களைத் தட்டும் வேலை. தட்டினேன். பொம்மையாக நகர்ந்துகொண்டிருந்தது அன்றைக்குத்தான் கனமாக நடந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

நெற்றிச் சதுரத்துக்கு வந்தோம். ஒரு சதுரத்துக்கு இரண்டு நிறம்தான், எங்கள் கணினிக்கு அவ்வளவுதான் முடியும். வெள்ளை நாமம் போட்டால் நடுவில் சிவப்புக் கோடு வராது. "சிவப்பில்லாத நாமமா!" என்று அரை மணி நேரம் மல்லுக்கு நின்று, கடைசியில் விட்டுக்கொடுத்தீர்கள். உங்கள் தாளிலிருந்த கட்டங்களைக் கூட்டி எழுதினேன். 36, 36, 36, 60, 24. இரண்டு கோடு, அவற்றைச் சேர்க்கும் அடி, அதற்குக் கீழே இரண்டே கட்டம். ஆறாவது வரிசையில் கண்கள்.

குழு வருகிற அன்று காலை நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பழைய டி.வி. திரையில் அந்த இரண்டு கட்டமும் கண்களோடு ஒட்டி, மூக்கில் ஏதோ அழுக்குப்போலத் தெரிந்தது. உங்கள் தாளில் பென்சில் கறைக்கா பஞ்சம்! அதுவும் கை பட்டு விழுந்த கறை என்று நினைத்தேன். இருபத்துநான்கை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். முகம் பளிச்சென்றிருந்தது. நீங்கள் பக்கத்து அறையில்தான் தோரணம் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். பத்தடி தூரம். நான் கேட்கவில்லை.

யானை திரையில் வந்ததும் குழுவின் செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவரும் ஸ்ரீரங்கத்துக்காரர்.

"என்னம்மா இது? நம்ம கோயில் யானைக்கு வடகலை நாமம் போட்டிருக்கு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாமத்தில் இரண்டு கலை உண்டு, அடியில் வளைவோடு நின்றால் வடகலை, அதற்குக் கீழே மூக்கின்மேல் பாதம் இறங்கினால் தென்கலை, ஸ்ரீரங்கத்து யானைக்குப் பாதம் வைத்த நாமம்தான் என்பதெல்லாம் அடுத்த பத்து நிமிடக் கூச்சலில் நான் தெரிந்துகொண்டவை. லால்குடிப் பக்கத்து மிராசுதார் ஒருவர், "யானைக்கே தெரியாதுங்க அது எந்தக் கலைன்னு" என்று சொல்லிவைக்க, செயலாளரின் கோபம் இரட்டித்தது.

"யார் வரைஞ்சது?"

நான் வாயைத் திறந்தேன். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். "நான்தான் வரைஞ்சேன். கைப்பிசகாயிடுத்து" என்றீர்கள்.

"கைப்பிசகா? உங்க ஆத்துக்காரர் வடகலைதானே?"

உங்கள் காது சிவந்தது. யாருக்கும் மேற்கொண்டு விளையாட்டைப் பார்க்கும் எண்ணமில்லை. யானை நடந்த நடையை ஒருவரும் கவனிக்கவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பிடித்து நிறுத்தினேன்.

"அழிச்சது நான். ஏன் பொய் சொன்னீங்க?"

"மாதாகோயில் டீச்சர் பெருமாள் யானையோட நாமத்தை அழிச்சுட்டான்னு சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா பரவியிருக்கும். நான்னா எங்களுக்குள்ள சண்டை, அதோட போயிடும்."

"என்னை யாரும் காப்பாத்த வேண்டாம். எனக்குப் பேசத் தெரியும்."

"தெரியும் டீச்சர். அதான் பேச விடலை" என்று சொல்லிவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போனீர்கள்.

எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா! என் தவறை என்னிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டீர்களே என்று. நீங்கள் சொன்னதுபோல் பேச்சு அதோடு போகவும் இல்லை. வேண்டுமென்றே வீட்டுக்காரர் நாமத்தை வரைந்தவர் என்று உங்கள் தெருவிலேயே கேலி பேசினார்கள். ஜூனில் ஓவியப் பீரியட் போயிற்று. உங்களைத் தையல் வகுப்புக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் வேலையை விட்டீர்கள். நான் குழுவுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். நானும் நின்றுவிட்டேன். நின்றதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி இருந்தது என்பதையும் இப்போது எழுதிவிடுகிறேன்.

இன்று மாலை அந்தச் சுருளைப் பார்த்த சூட்டோடு செயலாளர் வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தளர்ந்துவிட்டார். நாமத்தை அழித்தது நான், ஓவிய டீச்சருக்கு அதில் சம்பந்தமே இல்லை, அந்த ஒரு வரிசையால்தான் அவர் வகுப்பு போயிற்று என்று நின்றபடியே சொன்னேன்.

"உக்காரும்மா. எந்த நாமம்?" என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓ, அந்த யானையா! அதுக்கும் பீரியடுக்கும் என்னம்மா சம்பந்தம்? டிராயிங்கை எடுக்கறதுன்னு மார்கழியிலேயே கையெழுத்தாயிடுத்தே. ஆசையாக் கூப்பிட்டேளேன்னு வந்து பாத்தோம். காபி சாப்பிடறேளா?"

காபி சாப்பிட்டேன். வேறென்ன செய்வது? இருபத்துநான்கு இருந்திருந்தாலும் உங்கள் வகுப்பு இருந்திருக்காது. கேலி, சிவந்த காது, என் நிம்மதி, நம் சண்டை, எல்லாமே ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றுக்காக. இதை உங்களிடம் சொல்லியிருந்தால் "பாத்தேளா, நான்தான் சொன்னேனே" என்பீர்கள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் அதற்குப் பதில் வராது. உங்களோடு எப்போதும் இதேதான்.

இப்போது கணினி வகுப்பில் பிள்ளைகள் கிராஃப் தாளில் படம் வரைந்து வருகிறார்கள். ஒட்டாத கட்டம் ஒன்று தனியாக இருந்தால் நான் அழிப்பதில்லை. வரைந்தவளைக் கூப்பிட்டு, "இது என்ன?" என்று கேட்கிறேன். பத்துக்கு ஒன்பது பேர், "தெரியாம விழுந்துடுச்சு மிஸ்" என்கிறார்கள். பீரியடில் பாதி இதிலேயே போய்விடுகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.